முன்னறையில் ஓர் இன்ஜின்

ஆகஸ்ட் 4, ஞாயிறு. இன்று ஒரு சிறு பிழை செய்தேன். இன்ஜினிலிருந்து நான்கு ராடுகளையும் கழற்றும்போது பஞ்ச் வைத்துக் குறி போடவில்லை. புள்ளி அடிக்கிற பஞ்ச் கையில் இல்லை. அண்ணன் வேறு பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பழைய பேப்பரை விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வைத்திருக்கிறேன். அது போதும் என்று நினைக்கிறேன். போதாது என்றும் தோன்றுகிறது. நாளை வகுப்பில் பஞ்ச் கேட்டு வாங்கிவர வேண்டும்.

இதை எழுதிவிட்டு நோட்டை மூடிய சின்னவன், மறுபடி திறந்து, 'சிறு' என்ற சொல்லை அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அடிக்காமலே விட்டான். எதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு மூன்றாவது தடவை சந்தேகப்படுகிற ஆள் அவன். பகலில் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற வேலை, மாலையில் இன்ஜின் வேலைக்கான வகுப்பு. வீட்டில் அண்ணன், அண்ணி, அவன். போன வாரத்திலிருந்து நாலாவதாக முன்னறையில் ஓர் இன்ஜின்.

அது அண்ணனின் வாடகை வண்டியிலிருந்து இறக்கியது. வண்டி அந்தக் காலத்து மாடல் கார். உருண்டை விளக்கு, கனத்த பம்பர், சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற மாதிரி சத்தம் போடும் கதவு. சீட்டு உயரமாக இருப்பதால் முட்டி வலிக்காரர்களுக்கும் பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கும் ஏறி இறங்கச் சுலபம். அப்படி ஒரு கூட்டம் அண்ணனை விட்டால் வேறு வண்டி ஏறாது. ஆனால் இரண்டு வருடமாக வண்டி நீலப் புகை கக்கியது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். கடைசியில் மேடு ஏறும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கதவைத் தட்டுகிற சத்தம் வர ஆரம்பித்ததும், அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

பழைய இரும்புக்கடைக்காரரிடம் அதே மாடல் இன்ஜின் ஒன்று இருந்தது. அவரைத் தெருவில் எல்லோரும் 'துரு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. தரையில் வைத்தே ஸ்டார்ட் செய்து காட்டினார். ஓடியது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. சின்னவன்தான் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டான். அதே தட்டல், கொஞ்சம் மெதுவாக.

"இதுவும் நம்மது மாதிரிதான் அண்ணே. ஆறு மாசத்துல இதுவும் படுத்துரும். நம்மதையே பிரிச்சுச் செஞ்சுடலாம். நான் செய்றேன்."

கடைசி வார்த்தை யோசிப்பதற்கு முன்னாலேயே வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி எடுக்க வழியில்லை. துரு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறொரு பார்ட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பிடித்து வைக்கிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார்.

அதே மாதக் கடைசிக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. லாரி ஆபீசில் அண்ணனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. தூரத்து லோடு. போனால் மாதம் ஒரு தடவை வீடு. அதற்கும் அதற்குள் பதில் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடினால் இங்கே, ஓடாவிட்டால் லாரி என்று அண்ணன் முடித்துவிட்டார். அண்ணி அதைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. பரண் மேலிருக்கும் பயணப் பையை எடுத்துத் தூசி தட்டி வை என்று அண்ணன் சொன்னபோது மட்டும், கைக்கு எட்டவில்லை என்றாள். அதே பரணிலிருந்து அண்டாவை அவளே இறக்கியதைச் சின்னவன் முந்தைய நாள்தான் பார்த்திருந்தான்.

வண்டி இல்லாத அண்ணனை வீடு தாங்கவில்லை. விடிவதற்கு முன்பே பழக்கத்தில் எழுந்துவிடுவார். வாசலில் நிற்கிற வண்டியைத் துடைப்பார். இன்ஜின் கனம் இல்லாததால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். போன் வரும். முட்டி வலி டீச்சரம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார். அண்ணன் வேறொரு டிரைவரின் நம்பரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, உள்ளே வந்து, பின்கட்டுக்குப் போய், மறுபடி வாசலுக்கு வருவார். மழை வரும் என்று வானம் நாலு நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் கிரீஸ் வாசனை அடுக்களை வரைக்கும் போனது.

"வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தரும் இத்தனை நாள் தங்கினதில்ல தம்பி," என்றாள் அண்ணி, இன்ஜினைச் சுற்றித் துடைப்பத்தை வளைத்துப் பெருக்கியபடி. "வந்த நாளா எண்ணெய் கக்குது. துடைச்சு முடியல. இதுல உங்க அண்ணன் வேற காலுக்குள்ளயும் கைக்குள்ளயும் நடக்கறாரு. ரெண்டு பேரையும் நான் எங்க தள்ளி வைக்கிறது?"

திங்கட்கிழமை சின்னவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில்தான் அது நடந்தது. அண்ணனின் நடை பொறுக்காமல் அண்ணி ஒரு பெரிய தட்டைக் கொடுத்து, சும்மா அலைவதற்கு அந்தச் சாமான்களையாவது கழுவி வைக்கலாமே என்றிருக்கிறாள். அண்ணன் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பேப்பரில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, துணியால் துடைத்து, புதுப் பேப்பரில் அடுக்கி வைத்துவிட்டார்.

சின்னவன் வகுப்பு முடிந்து, இரவல் பஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தபோது, நான்கு ராடுகளும் அவற்றின் நான்கு மூடிகளும் வெள்ளிச் சாமான் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

இதில் விஷயம் இதுதான். பிஸ்டனோடு சேர்ந்த ராடின் கீழ்முனை, சுழல்கிற கிராங்க் தண்டைக் கட்டிப் பிடிக்கிற ஒரு வளையம். அந்த வளையத்தில் பாதி ராடோடு சேர்ந்தது, மீதிப் பாதி 'கேப்பு' என்கிற மூடி. வளையத்துக்கும் கிராங்குக்கும் நடுவில் 'மெட்டல்' என்கிற மெல்லிய தகடு உட்காரும். இரண்டையும் போல்ட் போட்டு முடுக்கிய பிறகுதான் நடுவில் துளையைக் கடைவார்கள். அதனால் ஒரு மூடி அதன் ராடுக்கு மட்டுமே பொருந்தும். பார்வைக்கு நான்கும் ஒரே அச்சு. மாற்றிப் போட்டால் துளை வட்டமாக இருக்காது, கிராங்கை நெரிக்கும். கம்பெனியில் போட்ட எண் இருந்திருக்க வேண்டும். முன்பு எப்போதோ பிரித்தவர்கள் அதையும் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

"எப்படி?" என்றார் அண்ணன். பல நாளாகச் சிரிக்காத மனிதர் சிரித்தார். "வரிசையாதான் வச்சிருக்கேன். நாலு நாலா."

சின்னவன் குனிந்து ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். எந்த மூடி எந்த ராடோடு இருந்தது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அண்ணனின் விரலிடுக்குகள் மண்ணெண்ணெயில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன.

"நல்லா இருக்கு அண்ணே," என்றான். பஞ்ச் சட்டைப் பையிலேயே இருந்தது.

அன்று அவன் எதுவும் எழுதவில்லை. மறுநாள், ஒருவேளை வரிசை மாறாமலே இருக்கலாம் என்று எழுதினான். பிளாக்கும் கிராங்கும் கடைந்து சரிசெய்ய லேத்துப் பட்டறைக்குப் போனபோது, ராடையும் கொண்டுவா, ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று லேத்துக்காரர் கேட்டார். அண்ணன் பக்கத்தில் நின்றதால், அது சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான். சொன்ன பொய் சின்னதாக இருந்தாலும் அது வீட்டுக்கு வந்து அவனோடு சாப்பிட்டது, படுத்தது, பில் போடும்போது தப்புத் தப்பாகக் கூட்ட வைத்தது.

மாதக் கடைசி வாரம், சனிக்கிழமை மத்தியானம். கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சின்னவன் இன்ஜினைப் பூட்டிக்கொண்டிருந்தான். முதல் பிஸ்டன் இறங்கியது, மூடியைப் போட்டு முடுக்கினான், கிராங்க் வெண்ணெய் மாதிரி சுற்றியது. அவனுக்கு உயிர் வந்தது. இரண்டாவதைப் போட்டதும் கிராங்க் கொஞ்சம் முரண்டியது. மூன்றாவதில் நன்றாக இறுகியது. நான்காவதையும் முடுக்கிய பிறகு கிராங்க் நின்ற இடத்தில் நின்றது.

அண்ணன் குனிந்து பார்த்தார். "புது மெட்டல். அப்படித்தான் இருக்கும். தள்ளு."

ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, இன்ஜின் வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தார். வேண்டாம் என்று சின்னவன் சொல்வதற்குள் கிராங்க் கால் சுற்று சுற்றிவிட்டது. கேட்கவே பல் கூசுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அண்ணன் குழாயைக் கீழே வைத்தார். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது. "லேத்துக்காரன் வேலையக் காட்டிட்டான்," என்றார். "கிராங்கு அளவு தப்பு. வேற என்ன இருக்கு இதுல?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சின்னவன் வாயைத் திறந்தான். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

லேத்துக்காரருக்கு 'அரைநூல்' என்று பட்டப்பெயர். அரை நூல் பிசகினாலும் வேலையைத் திருப்பிச் செய்கிற ஆள் என்பதால் வைத்தது. அண்ணன் நேராக அவர் பட்டறைக்குப் போய், நாலு வாடிக்கையாளர்கள் நிற்க, உங்களை நம்பினதுக்கு என் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் பதிலே பேசவில்லையாம். அதைத்தான் அண்ணன் பெரிதாகச் சொன்னார். தப்பு இருப்பதால்தான் வாய் மூடிக்கொண்டான் என்றார். ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, நாளைக்குச் சாயங்காலம் லாரி ஆபீசுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். அண்ணி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, தனக்குப் போட்டுக்கொள்ளாமலே எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டீ கொதிக்கிற நேரத்தில் அரைநூல் வந்து வாசலில் நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் துணி சுற்றிய ஒரு சின்னப் பெட்டி. அளவு பார்க்கிற கருவி அதற்குள் இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் நம்புவதாக இல்லை என்பது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

"உள்ள வாங்க அண்ணே," என்றாள் அண்ணி.

"வர்றேம்மா. வேலைய முடிச்சுட்டு டீ குடிக்கிறேன். முதல்ல அந்த கிராங்க வெளிய எடுக்கச் சொல்லு. பதினெட்டு வயசுல லேத்து பிடிச்ச கை. ஒருத்தரும் என்னைத் தெருவுல வச்சுக் கேட்டதில்ல."

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்தார். சின்னவன் இன்ஜினுக்கும் அவருக்கும் நடுவில் நின்றான். எப்போது அங்கே வந்து நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"கிராங்கை எடுக்க வேண்டாம் அண்ணே," என்றான் லேத்துக்காரரிடம். "கிராங்கு சரியாதான் இருக்கும். கேப்பு மாறிப் போச்சு. கழட்டும்போது நான் குறி போடல."

அரைநூல் பெட்டித் துணியின் முடிச்சில் கை வைத்தபடி அவன் பக்கம் திரும்பினார்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?" என்றார் அரைநூல்.

"மொதல்லேர்ந்தே சந்தேகம்."

"மொதல்லேர்ந்தே." அவர் பெட்டியை ஸ்டூலில் வைத்தார். "நான் ராடைக் கேட்டப்ப?"

"அப்பவும்."

"அப்ப நேத்து உங்க அண்ணன் வந்து என் பட்டறையில நின்னு பேசினப்ப?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். அவர் கோபப்படுவார் என்று அண்ணி அடுக்களை வாசலில் ஒரு கைத்துணியைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஆனால் அண்ணன் முகத்தில் கோபம் வரவில்லை. எதையோ தேடுகிற மாதிரி தரையைப் பார்த்தார். பேப்பர் விரித்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"நீ வரிசையாதானேடா வச்சிருந்தே," என்றார் மெதுவாக.

"ஆமாண்ணே."

"அப்புறம் எப்படி மாறும்?"

அண்ணனுக்கே அது விளங்கிவிட்டது.

"நான்ல கழுவினேன்," என்றார். "எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டு."

"தட்டக் கொடுத்தது நானு," என்றாள் அண்ணி.

அரைநூல் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்ல குடும்பம்," என்றார். "தப்பைக் கூடப் பங்கு போட்டுக்கிறீங்க. எனக்கு மட்டும்தான் பங்கில்லாம திட்டு." பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "டீயக் கொண்டாம்மா. தம்பி, கழட்டு."

அண்ணன் அவரிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. அரைநூலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டீ டம்ளரை ஊதி ஆற்றிக் கொடுத்தார். நாளைக்குப் பட்டறைக்கு வந்து, அதே ஆட்கள் இருக்கும்போது பேசிவிட்டு வருகிறேன் என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் எல்லாம் தினமும் வரமாட்டார்கள், உனக்காகச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார் அரைநூல்.

ஜோடி சேர்க்கிற வேலை நடந்தது. மெட்டலை எடுத்துவிட்டு வெறும் மூடியை ராடோடு போல்ட் போட்டு, துளைக்குள் இரண்டும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டினால், பொருந்தாத இடத்தில் நகம் தடுக்கும். சின்னவன் மாற்றி மாற்றிப் பூட்டினான், அரைநூல் நகத்தை ஓட்டினார், அண்ணன் கழற்றினார். முதல் ராடில் தடுக்கவில்லை, அதன் மூடி அதனிடமே இருந்திருக்கிறது. மற்ற மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. ஒவ்வொரு ஜோடியும் சேர்ந்தவுடன் அரைநூல் நிறுத்தி அளந்து பார்த்தார். பிறகு சின்னவன் பஞ்சை எடுத்து ராடிலும் மூடியிலும் புள்ளி அடித்தான். நான்காவதற்கு நாலு புள்ளி அடிக்கும்போது அண்ணன் சுத்தியலைக் கேட்டு வாங்கி, கடைசிப் புள்ளியைத் தானே அடித்தார்.

மெட்டலைத் துடைத்துப் பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. மூன்றாவது ராடின் மெட்டலில் நீளமாக ஒரு கோடு. குழாய் செருகி இழுத்ததில் உராய்ந்தது. கிராங்கில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மெட்டலை இனிப் போட முடியாது.

"இந்த அளவு கடையில நின்னுபோய் எத்தனையோ வருஷம் ஆச்சு," என்றார் அரைநூல். "நான் கொடுத்த செட்டே கடைசி. துருகிட்ட பழைய டப்பாவுல கெடந்தாலும் கெடக்கும். இல்லன்னா சொல்லி வச்சுத்தான் வரணும்."

அவர் போன பிறகு மழை வந்தது. மூன்று வாரப் பாக்கியைச் சேர்த்துப் பெய்தது. வாசலில் வண்டியின் தூக்கிய மூக்கில் தண்ணீர் வழிந்து ஓடியது. இன்றைக்கு ஓடாது, நாளைக்கும் ஓடாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. லாரி ஆபீசுக்குப் பதில் சொல்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தது அன்று சாயங்காலம்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணி இன்ஜின் மேல் பழைய போர்வையைப் போர்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன்," என்றார் அண்ணன் திடீரென்று. யாரையும் பார்க்கவில்லை. "நேத்து கிராங்கு சுத்தலன்னு தெரிஞ்சப்ப, கோபம் வந்துச்சு. அது வர்றதுக்கு முன்னாடி வேற ஒண்ணு வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு."

சின்னவன் கையில் இருந்த துணியை மடித்தான். மடித்ததைப் பிரித்தான்.

"இந்தத் தெரு, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், மறுபடி இந்தத் தெரு. பதிமூணு வருஷமா அதே எட்டு ரோடு. லாரின்னதும் ஒரு ஆசை வந்துருச்சு. இன்ஜின் ஓடலன்னா நான் போக வேண்டியதாயிரும்ல. நானாப் போன மாதிரி இருக்காது."

மழைச் சத்தத்தில் அண்ணி என்ன செய்கிறாள் என்று பார்க்கச் சின்னவனுக்குப் பயமாக இருந்தது. அவள் போர்வையின் நுனியை ஸ்டாண்டின் காலுக்கடியில் செருகி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "வண்டிய நிறுத்தின நாள்லேர்ந்து பாக்குறேன். நீங்க நடக்கறது வண்டியில்லாத ஆளு நடக்கற நடையா? கிளம்பத் துடிக்கிற ஆளு நடை. போகணும்னா போங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இன்ஜின் மேல பழியப் போட்டுட்டுப் போகாதீங்க. தம்பி தலையில கட்டிட்டும் போகாதீங்க. இத ஓட வச்சு, வாசல்ல நிறுத்திட்டு, அப்புறம் எங்கிட்ட வந்து நிமிந்து நின்னு சொல்லுங்க, நான் போறேன்னு. நானே பையக் கட்டித் தர்றேன்."

அண்ணன் முழங்கால் ஆடுவது நின்றது.

மழை விட்ட பிறகு அவர் வாசலுக்குப் போய், ஈரக் கதவைத் திறந்து வண்டிக்குள் உட்கார்ந்து போன் செய்தார். கதவைச் சாத்தவில்லை. மாதக் கடைசிக்கு மேலும் கொஞ்ச நாள் டைம் கிடைக்குமா என்று அவர் கேட்டதும், அந்தப் பக்கத்தில் நீளமாக ஏதோ பேசியதும் சின்னவனுக்குக் கேட்டது. அண்ணன் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார்.

"இல்லீங்க," என்றார் கடைசியில். "அப்ப வேற ஆளப் போட்டுக்குங்க."

போனை வைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. சின்னவன் போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான் இது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். அப்படி ஒன்றும் வரவில்லை. இதுவரைக்கும் இன்ஜின் ஓடினால் அண்ணன் இருப்பார் என்பதுதான் கணக்கு. இனி அது ஓடிய பிறகும் தெரியாது. இன்னொரு லாரி ஆபீஸ் இருக்கும், இன்னொரு மாதக் கடைசி வரும். அதற்காக இதை ஓட வைக்காமல் இருக்க முடியுமா?

"துரு எத்தனை மணிக்குக் கடை திறப்பான்?" என்று கேட்டார் அண்ணன்.

"எட்டு மணிக்கு."

"அவன் இன்ஜின எடுக்கலன்னா மெட்டல் தருவானா?"

"கேட்டுப் பாக்கலாம் அண்ணே."

"நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. நீ வாயத் தொறந்தாலும் வம்பு, தொறக்கலன்னாலும் வம்பு."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒரு சுற்று திருப்பிவிட்டு, நேராக்கினார். பிறகு இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, உள்ளே போய் அண்ணியிடம் சாப்பாடு கேட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. மூன்று மூடிகள் மாறியிருந்தன. சரிசெய்து குறி போட்டாயிற்று. மூன்றாம் ராடின் மெட்டல் வீண். தெரிந்ததை அன்றைக்கே சொல்லாதது என் தப்பு. நாளை: காலை எட்டு மணிக்கு அண்ணனோடு துரு கடை, அதே அளவு மெட்டல் கேட்க வேண்டும். அங்கிருந்து அரைநூல் பட்டறை. பஞ்சை வகுப்பில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.